மத்தீஸின் தங்கமீன்கள்: எங்கள் கூடத்துச் சுவர்ப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய அச்சுப்படம் தொங்குகிறது. ஒரு வட்ட மேசை, அதன்மேல் உருளையான கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் ஆரஞ்சு மீன்கள், சுற்றிலும் இலையும் இளஞ்சிவப்புப் பூவும். சனிக்கிழமைகளில் அந்தச் சுவருக்குக் கீழேதான் பிள்ளைகள் உட்கார்ந்து ஓவியம் பழகுகிறார்கள். கூப்பிட்டுப் போக வரும் அப்பா அம்மாக்கள், பிள்ளை செருப்பு மாட்டும் வரை அந்தப் படத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். பிறகு கேட்பார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது யார் வரைஞ்சது மிஸ்? எப்போ?

ஆன்றி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர், 1912இல் வரைந்தது. பெயர் 'தங்கமீன்கள்'. துணியில் எண்ணெய் வண்ணம். மூலப்படம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். எங்கள் வீட்டு அச்சு அதில் பாதிகூட இல்லை.

வரைந்த இடம் பாரிஸை ஒட்டிய இஸ்ஸி-லெ-மூலினோ. 1909இல் மத்தீஸ் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். தோட்டமும், செடிகளுக்கான கண்ணாடிக் கூடமும் உள்ள வீடு அது. படத்தில் இருப்பது அவர் வீட்டு மீன், அவர் வீட்டுச் செடி. எங்கோ தேடிப் போய்ப் பிடித்த காட்சி இல்லை.

மாட்டிஸா, மத்தீஸா? ஹென்றியா, ஆன்றியா?

பிரெஞ்சில் முதல் எழுத்து ஒலிப்பதில்லை. அதனால் ஆன்றி மத்தீஸ், கடைசியில் 'ஸ்' அழுத்தமாக. 'ஹென்றி மாட்டிஸ்' என்றாலும் யாருக்கும் புரியும். எனக்குப் பாடம் எடுத்தவர் கடைசிவரை மாட்டிஸ் என்றுதான் சொன்னார்.

பிரெஞ்சுக்காரர் படம்னா பாரிஸ்லதானே இருக்கணும்? மாஸ்கோன்னு போட்டிருக்கே?

மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போன கதைக்குக் காரணம் ஒரு துணி வியாபாரி. செர்கேய் ஷூக்கின் மாஸ்கோவின் பெரிய ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாரிஸிலேயே பலரும் மத்தீஸைக் கேலி செய்த காலத்தில் அவருடைய படங்களை முப்பதுக்கும் மேல் வாங்கிக் குவித்தார். 1911இல் மத்தீஸை மாஸ்கோவுக்கே அழைத்தார். அவர் வந்து, ஷூக்கினின் மாளிகை வரவேற்பறையில் தன் படங்களைத் தானே வரிசைப்படுத்தி மாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு இந்தத் தங்கமீன்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.

1917இல் புரட்சி. மறு ஆண்டே ஷூக்கினின் படங்கள் அனைத்தும் அரசுடைமை ஆயின. அவர் நாட்டை விட்டு வெளியேறி 1936இல் பாரிஸில் இறந்தார். படங்கள் சில காலம் மாஸ்கோவில் ஒரே அருங்காட்சியகத்தில் இருந்தன. 1948இல் ஸ்டாலின் அரசு, இவையெல்லாம் மக்களுக்கு ஆகாத முதலாளியக் கலை என்று சொல்லி அதை மூடியது. படங்களை மாஸ்கோவின் புஷ்கினுக்கும் அன்றைய லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்கும் பங்கு பிரித்தார்கள். மீன்கள் புஷ்கின் பங்கில் விழுந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தீஸ் வளர்ந்த பொஹேன் என்ற வட பிரெஞ்சு ஊர் நெசவாளர் ஊர். பட்டும் வண்ண நூலும் பார்த்து வளர்ந்தவரின் படத்தை வாங்கியவர் ஜவுளி வியாபாரி. இது தற்செயல்தானா என்று கேட்டால், இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. துணியைத் தொட்டுப் பழகிய கண்ணுக்கு, நிறத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மீன் மொத்தம் எத்தனை? என் பையன் நாலுக்கு மேல எண்றான்.

மீன் நாலுதான். ஆனால் உங்கள் பையன் எண்ணியதும் தப்பில்லை. ஜாடியின் பக்கவாட்டில் பார்த்தால் கண், வாய், துடுப்போடு நாலு மீன் தெளிவாகத் தெரியும். அப்புறம் ஜாடியின் மேல் வாயைப் பாருங்கள். தண்ணீர்ப் பரப்பில் ஆரஞ்சுத் தீற்றல்கள் மிதக்கும். அவையும் இதே மீன்கள்தான், மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி. வடிவம் கிடையாது, நிறம் மட்டும்.

வீட்டில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு மிளகாயைப் போட்டு, கொஞ்சம் மேலிருந்து சாய்வாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மிளகாய், பரப்பில் ஒரு மிளகாய் தெரியும். தண்ணீர் ஒளியை வளைப்பதால் வருவது. மத்தீஸ் கண்ணால் கண்டதைத்தான் வரைந்தார். நாம்தான் ஒன்று என்று மனதில் திருத்திக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைகள் திருத்துவதில்லை, அதனால் சரியாக எண்ணுகிறார்கள்.

மேஜை ஏன் இப்படி சரிஞ்சு கிடக்கு? ஜாடி உருண்டு விழுந்திடாதா?

இது அடிக்கடி வரும் கேள்வி, பெரும்பாலும் அப்பாக்களிடமிருந்து. மேசைப் பலகை மேலிருந்து பார்த்த மாதிரி வட்டமாக நம் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. அதன்மேல் உள்ள ஜாடியோ எதிரில் உட்கார்ந்து பார்த்த மாதிரி நேராக நிற்கிறது. ஒரே இடத்தில் நின்று இரண்டையும் இப்படிப் பார்க்க முடியாது. முந்தின பதிலில் சொன்ன மீன் விஷயமேதான், படம் முழுவதற்கும் நீண்டிருக்கிறது.

மேசையைச் சரிக்கும் வித்தையை மத்தீஸ் கற்றது செசான் என்ற மூத்த பிரெஞ்சு ஓவியரிடம். ஆப்பிளும் மேசை விரிப்புமாக வரைந்து, அவற்றை ஒன்றுக்கொன்று பொருந்தாத கோணங்களில் வைத்தவர் செசான். 1899இல், கையில் காசில்லாத காலத்தில், மத்தீஸ் செசானின் 'குளிக்கும் மூன்று பெண்கள்' என்ற சிறு ஓவியத்தை விலைக்கு வாங்கினார். வறுமையிலும் விற்கவில்லை. 37 ஆண்டுகள் வைத்திருந்து, 1936இல் பாரிஸ் நகரின் பெத்தி பலே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அத்தனை ஆண்டுகள் தினமும் பார்த்த படம் கைக்குள் இறங்காமல் இருக்குமா?

ஜாடி ஏன் விழவில்லை என்றால், அந்தப் படத்துக்குள் பள்ளம் இல்லை. தூரம், கிட்டம் என்று ஆழம் காட்டாமல் எல்லாவற்றையும் பரப்புக்குக் கொண்டுவந்துவிட்டார், கோலத்தில் பூவும் கொடியும் ஒரே தளத்தில் கிடப்பது போல.

கலர் ஏன் இப்படிக் கண்ணைப் பறிக்குது? ஸ்பெஷல் பெயின்ட்டா?

வண்ணம் சாதாரண எண்ணெய் வண்ணம்தான். வித்தை பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. கனகாம்பரத்தைத் தனியாகக் கட்டினால் ஒரு நிறம். நடுவில் பச்சை மரு இலை வைத்துக் கட்டினால் அதே பூ எரிகிற மாதிரி இருக்கும். பூக்காரம்மாவுக்குத் தெரிந்த இந்த விஷயத்தைத்தான் இங்கே மீனுக்கும் இலைக்கும் இடையில் பார்க்கிறோம்.

இதை ஆராய்ந்து எழுதியவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். பாரிஸில் கோபலன் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. 1839இல் இதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். அடுத்த இரண்டு தலைமுறை பிரெஞ்சு ஓவியர்களுக்கு அது பாடமானது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளில் மீன் அளவுக்கு ஓட்டை போட்டு, படத்தின் மேல் வைத்து மீனை மட்டும் பாருங்கள். அடங்கின ஆரஞ்சுதான். தாளை எடுத்தால் குதிக்கும். மீனை முன்னே தள்ளுவதற்காகவே பின்புலத்தைக் கருமையும் ஊதாவுமாக அமுக்கி வைத்திருக்கிறார். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தேடாதீர்கள். வெளிச்சம் எங்கிருந்தும் விழவில்லை, நிறத்திலிருந்தே வருகிறது.

'ஸ்டில் லைஃப்'னா அசையாத பொருள்னு சொல்லிக் கொடுத்தீங்க. மீன் நீந்துதே மிஸ்?

இதைக் கேட்டது ஆறாம் வகுப்புப் பெண். அன்று நான் திணறியது உண்மை.

டச்சு மொழியில் இந்த வகைக்கு 'அசையாத வாழ்வு' என்று பொருள்படும் பெயர். பிரெஞ்சில் இன்னும் மோசம், 'செத்த இயற்கை' என்பார்கள். வேட்டையாடிய முயல், வெட்டிய மீன், பறித்த பழம் எல்லாம் அதில் அடக்கம் என்பதால் வந்த பெயர். அந்த மரபில் மீன் என்றால் தட்டில் கிடக்கும் மீன். மத்தீஸ் அதை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட்டார். பொருள்களை மேசையில் வைத்து, சுற்றி வெளியைக் கட்டும் முறை பழையதுதான். அதனால் ஸ்டில் லைஃப் என்ற பெயரும் பொருந்துகிறது. ஆனால் நடுவில் நாலு உயிர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கடைசியில் "பேர் பழசு, படம் புதுசு" என்றேன். அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஜாடி, பழம், பூன்னு வரையறதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? கதை இருக்கணும் இல்லையா?

ஓவியர்களே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அகாடமி ஓவிய வகைகளுக்குப் படிநிலை போட்டது. வரலாறும் புராணமும் மேலே. பிறகு மனித உருவம், பிறகு நிலக்காட்சி. கடைசிப் படியில் ஜாடியும் பழமும். கற்பனை தேவையில்லை, பார்த்ததைப் படி எடுத்தால் போதும் என்ற எண்ணம்.

கதை இல்லாததே பின்னால் வந்தவர்களுக்கு வசதியாகிவிட்டது. ராஜாவின் முகத்தைப் பச்சையாக வரைந்தால் சண்டை வரும். ஆப்பிளை நீலமாக வரைந்தால் ஆப்பிள் கோபித்துக்கொள்ளாது. செசானும் மத்தீஸும் பிக்காசோவும் தங்கள் துணிச்சலான சோதனைகள் பலவற்றை மேசைமேல்தான் நடத்தினார்கள். மத்தீஸே 1908இல் ஷூக்கினின் சாப்பாட்டு அறைக்காக ஒரு படம் வரைந்தார். பழமும் பூவும் வைத்த மேசை, ஒரு பெண், நீலச் சுவர். முடிந்துபோன அந்தப் படத்தை எடுத்து மேசையும் சுவருமாக முழுவதையும் சிவப்பாக்கினார். 'சிவப்பில் இசைவு' என்று இன்று ஹெர்மிட்டாஜில் இருக்கிறது. விரிப்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். கதை கேட்பவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

கோவிச்சுக்காதீங்க. இதை என் பொண்ணே வரைஞ்சிடுவா. இதுல அப்படி என்ன இருக்கு?

கோபம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்படுபவர்கள்தான் அதிகம்.

மத்தீஸ் ஓவியத்துக்கே தாமதமாக வந்தவர். பாரிஸில் சட்டம் படித்து, வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். இருபது வயதில் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது, பொழுது போகட்டும் என்று அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். அங்கே ஆரம்பித்தது. பிறகு கூஸ்தாவ் மோரோ என்ற ஓவியரின் கூடத்தில் பயின்றார், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய படங்களைப் படி எடுத்தார். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் டே ஹேமின் ஒரு சாப்பாட்டு மேசைப் படத்தை, திராட்சையின் பளபளப்பு வரை, 1893இல் நகல் எடுத்தார். அது கை வராதவர் செய்யும் வேலை இல்லை. இந்த மீன் படத்தில் திராட்சைப் பளபளப்பு இல்லை என்றால், வேண்டாம் என்று விட்டதால்தான்.

உங்கள் பெண் இதைவிட நன்றாகவே மீன் வரையலாம். ஆனால் ஜாடிக்குள் தெரியும் இலை நெளிந்திருப்பதையும், வெளியே உள்ள இலை நெளியாததையும் அவள் கவனித்து வரைந்தால் எனக்கு உடனே சொல்லி அனுப்புங்கள்.

கூகுள்ல ஃபாவிசம்னு போட்டிருக்கு. அப்படின்னா?

'ஃபாவ்' என்றால் பிரெஞ்சில் காட்டு விலங்கு. 1905இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீஸ், தெரெய்ன், விளாமிங்க் முதலானோரின் படங்கள் ஒரே அறையில் தொங்கின. அதே அறையில் மறுமலர்ச்சிக் கால பாணியில் ஒரு சிலையும் இருந்தது. லூயி வோசெல் என்ற விமர்சகர், காட்டு விலங்குகளுக்கு நடுவே தொனத்தெல்லோ (மறுமலர்ச்சிக் காலச் சிற்பி) மாட்டிக்கொண்டார் என்று கிண்டலாக எழுதினார். திட்டே அந்த ஓவியர்களின் பாணிக்குப் பெயராக நின்றுவிட்டது. மனைவிக்குப் பச்சை மூக்கு வைத்து மத்தீஸ் வரைந்த 'தொப்பி அணிந்த பெண்' அந்த ரகளையின் நடுநாயகம்.

ஆனால் அந்த அலை 1908 வாக்கிலேயே ஓய்ந்துவிட்டது. 1912இன் மீன்களை ஃபாவிசம் என்பது, கல்யாணமாகிப் பேரன் எடுத்தவரை இன்னும் கல்லூரிப் பட்டப்பெயரால் கூப்பிடுவது மாதிரி. நிறத்தின் துணிச்சல் அங்கிருந்து வந்ததுதான். அமைதி பின்னால் வந்தது.

அதே சமயத்துல பிக்காசோ என்ன பண்ணிட்டு இருந்தார்?

மேசையை உடைத்துக்கொண்டிருந்தார். பிக்காசோவும் பிராக் என்ற பிரெஞ்சு ஓவியரும் அப்போது கியூபிசத்தின் உச்சத்தில் இருந்தார்கள். பழுப்பும் சாம்பலுமாக, கித்தாரையும் குப்பியையும் துண்டு துண்டாக்கி எல்லாக் கோணத்தையும் ஒரே படத்தில் அடுக்கினார்கள். இதே 1912இல்தான் பிக்காசோ, பிரம்பு நாற்காலி பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிக் கயிறு கட்டினார்.

மீன் எண்ணிக்கைக் கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பொருளை இரண்டு பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் காட்டுவது மத்தீஸிடமும் இருக்கிறது. பிக்காசோ பொருளை உடைத்துச் செய்ததை, இவர் ஒரு ஜாடித் தண்ணீரை வைத்துச் செய்துவிட்டார். எனக்கு இவர் வழி பிடிக்கிறது. கியூபிசம் பிடித்தவர்கள் என்னோடு சண்டை போடலாம்.

மீன் மேல அவருக்கு அப்படி என்ன ஆசை?

1912 ஜனவரி இறுதியில் மத்தீஸ் மொராக்கோவின் டாஞ்சியருக்குப் போனார். வெளிச்சத்தைத் தேடிப் போனவருக்கு நாள் கணக்கில் விடாத மழை. ஓட்டல் அறையில் அடைந்து கிடந்து ஒரு கண்ணாடி முன் ஐரிஸ் பூக்களை வைத்து வரைந்தார். மழை விட்டதும் ஊரைச் சுற்றினார். அங்கே மனிதர்கள் மணிக்கணக்காக மீன் ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு வியந்தார். ஏப்ரலில் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு வசந்தமும் கோடையும் ஜாடியோடு கழிந்தன. இந்தப் படம் மட்டும் இல்லை, மீன் ஜாடி வரும் ஓவியங்கள் அவரிடம் பல உண்டு.

இரண்டாம் முறை மொராக்கோ போனபோது வரைந்த 'அரபுக் காப்பிக் கடை'யில் அந்த மனிதர்களே வருகிறார்கள். முதலில் செருப்பு, புகைக்குழாய் எல்லாம் வரைந்து, பிறகு ஒவ்வொன்றாக அழித்தார். முகங்களில் கண் மூக்குக்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது பூவும் மீன் ஜாடியும் அதைப் பார்க்கும் உருவங்களும்.

அது வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரிஞ்ச கிழக்குதானே? அங்க ஆளுங்களுக்கு வேற வேலை இல்லையா?

நியாயமான கேள்வி. 1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் ஒப்பந்தத்தால் மொராக்கோ பிரான்சின் பாதுகாப்பில் உள்ள நாடு ஆனது, அதாவது அடிமைப்பட்டது. மத்தீஸ் அப்போது அங்கேதான் இருந்தார். அந்தக் கொந்தளிப்பு அவர் படங்களில் இல்லை. கவலையற்று உட்கார்ந்திருக்கும் கிழக்கு என்பது ஐரோப்பியர்கள் நெடுங்காலமாகத் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட கதை, அதில் இவருக்கும் பங்குண்டு.

நான் அதை மறைத்துப் படத்தை விற்கப் பார்க்கவில்லை. அதே நேரம், பார்ப்பதே ஒரு வேலை என்பதை அந்த மனிதர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பித் தன் வீட்டு ஜாடியின் முன் தானே அப்படி உட்கார்ந்தார். மீன் படத்தில் தலைப்பாகை கட்டிய ஆள் யாரும் இல்லை, பார்ப்பவர் இடத்தில் நாம் இருக்கிறோம்.

மனசுக்கு இதமா இருந்தா போதுமா? அது வெறும் அலங்காரம் ஆகிடாதா?

மத்தீஸே 1908இல் எழுதிய ஒரு கட்டுரையில், சமநிலையும் அமைதியும் உள்ள கலைதான் தன் கனவு, வேலை செய்து களைத்தவனுக்கு அது நல்ல சாய்வு நாற்காலி மாதிரி இருக்க வேண்டும் என்றார். அதை வைத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரைத் திட்டுகிறார்கள்.

1914இல் வரைந்த 'தங்கமீன்களும் வண்ணப்பலகையும்' படத்தைத் தேடிப் பாருங்கள், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஜாடி, அதே மீன். ஆனால் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு பட்டை, விறைத்த கோடுகள். போர் தொடங்கிவிட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு 1912இன் இதத்தை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

வாஸ்துப்படி மீன் படம் எந்தப் பக்கம் மாட்டணும்?

எங்கள் வீட்டில் ஆணி ஏற்கெனவே இருந்த பக்கம்.

அவ்வளவு சின்ன ஜாடியில மீன் வளர்க்கலாமா? பாவம் இல்ல?

வளர்க்கக் கூடாது. தங்கமீன் கெண்டைக் குடும்பம், நன்றாகப் பெரிதாகும், நிறைய இடமும் காற்றோட்டமும் வேண்டும். சீனாவில் வளர்த்துப் பழக்கிய மீன், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஜாடியில் விடுவது வழக்கமாக இருந்தது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டால் படத்தையே வாங்குங்கள்.

பிரிண்ட் எடுத்து விக்கலாமா? கேஸ் ஏதும் வருமா?

மத்தீஸ் 1954 நவம்பரில் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அது 2014 கடைசியோடு முடிந்தது. பிரான்சில் 70 ஆண்டுகள், 2024 கடைசியோடு முடிந்தது. எனவே ஓவியத்தை அச்சிடத் தடை இல்லை. யாரோ எடுத்த புகைப்படத்தையோ, அருங்காட்சியகம் நிபந்தனை போட்டு வைத்திருக்கும் கோப்பையோ எடுக்கும்போது அவர்கள் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

போன்ல ஒரு கலர், உங்க சுவர்ல ஒரு கலர். எது சரி?

இரண்டும் சரியில்லை. நாலு வகை மையில் அச்சாகும்போது ஆரஞ்சு கொஞ்சம் செத்துவிடும். போன் திரையில் பின்னாலிருந்து விளக்கு எரிவதால் தேவைக்கு மேல் மின்னும். அச்சு வாங்கும்போது மீனைப் பார்த்து எடுக்காதீர்கள், மேசையைப் பாருங்கள். அந்த ஊதா கலந்த இளஞ்சிவப்பு வெளிறாமலும் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகாமலும் இருந்தால் மீதி நிறங்களும் ஓரளவு இடத்தில் இருக்கும். எங்கள் வீட்டுப் படத்தில் மேசை ஒரு மூலையில் வெளுத்துவிட்டது, மாலை வெயில் நேராக அடிக்கிறது. வாஸ்து பார்த்து வேறு சுவரில் மாட்டியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும்.